தொடக் கூடாத துப்பாக்கி

“செருப்பை அங்கேயே விட்டுட்டு மெதுவா வாங்க, மிஸ்டர் ஜீவன். அப்பா தூங்குறார்.”

சிவேந்திரன் கதவைப் பாதிதான் திறந்தார். காட்டுக்கு வேட்டைக்குப் போகிறவர்கள் போடும், எட்டுப் பை வைத்த சட்டை போட்டிருந்தார். அவர் இதுவரை வேட்டையாடியது பேரங்காடித் தள்ளுபடிகளில் மட்டும்தான் என்பது ஜீவனுக்குத் தெரியும். ஆனால் இன்று கிண்டல் செய்ய நேரமில்லை.

ஜீவன் கிள்ளானிலிருந்து கேமராப் பையோடு ரயிலேறி பிரிக்பீல்ட்ஸ் வந்திருந்தார். தொன்மைத் துப்பாக்கி ரசிகர் மன்றத்தின் தலைவர் அவர். மன்றத்தில் மூன்று பேர். மற்ற இருவரும் தேநீருக்காக வருகிறவர்கள். மன்றத்தின் மலர் நாளை அச்சுக்குப் போகிறது. தலைவரின் வாழ்க்கைக் குறிப்பு, தலைவரின் உரை, தலைவரைப் பற்றிய பாராட்டு எல்லாம் தயார். அட்டைக்குத்தான் படமில்லை. இந்த வீட்டுத் துப்பாக்கி கிடைக்கும் என்று மற்ற இருவரிடமும் மார்தட்டி வைத்திருந்தார்.

“ஐயா சம்மதிச்சாரா? பாக்கலாம், தொடக் கூடாதுன்னு எப்பவும் குறுக்கே நிப்பாரே.”

“இன்னிக்கு அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டார். தாராளமா தொடுங்க.”

கூடத்து மேசையில் விரித்த வெல்வெட் துணிமேல் துப்பாக்கி படுத்திருந்தது. ஒரு முறைக்கு ஒரே ஒரு குண்டு மட்டும் போடக்கூடிய பழைய வெள்ளைக்காரன் துப்பாக்கி. ஜீவன் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டு எடுத்தார். விசைக்கு அடியிலிருந்த நெம்புகோலை இறக்கினார். குழலின் பின்வாயை அடைத்திருந்த இரும்புக் கட்டை, நெய்யில் வழுக்கியதுபோல் ஓசையில்லாமல் கீழே இறங்கியது.

“நூறு வருஷம் தாண்டியிருக்கும். இன்னும் ஒரு ஆட்டம் இல்ல பாருங்க,” என்றார். “எட்டுப் பட்டைக் குழல். மரக்கட்டையில இந்தக் கீறல் எல்லாம் கையால போட்டது. திருகாணியைக் கவனிச்சீங்களா? எல்லாத்தோட வெட்டும் ஒரே திசையில நிக்குது. ஒருத்தன் உட்கார்ந்து ஒவ்வொண்ணா இழைச்சிருக்கான்.”

“எங்க தாத்தா இதுலதான் ஒன்பதடிப் புலியைச் சுட்டார்.”

போன தடவை அது ஏழடியாக இருந்தது. தாத்தா ரயில்வேயில் குமாஸ்தா. புலியும் வருஷா வருஷம் வளரும்போல என்று நினைத்துக்கொண்டார் ஜீவன்.

சிவேந்திரனின் மனைவி சிவமலர் தேநீர் கொண்டுவந்தாள். கடையில் பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கி, கிளாசில் ஊற்றியது. கண் இரண்டும் வீங்கியிருந்தன.

“என்னம்மா, உங்க கைக் காப்பி கிடையாதா?”

“இன்னிக்கு அடுப்பு மூட்டல, அண்ணே.”

“கேஸ் முடிஞ்சிருச்சு லா,” என்றார் சிவேந்திரன் அவசரமாக.

சிவமலர் கணவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள். புருஷன் பெண்டாட்டி சண்டை என்று ஜீவன் கணக்குப் போட்டார். சாமி அறையில் விளக்குகூட எரியவில்லை. பெரிய சண்டைதான்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் வெளிச்சம் மங்கியது.

“லைசென்ஸ் எல்லாம் சரியாத்தானே இருக்கு? மலர்ல போடுறோம், அப்புறம் வில்லங்கம் வரக்கூடாது.”

“அப்பா பேர்ல இருக்கு. அவர் இருக்கிறவரைக்கும்தான். அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா உடனே போலீஸ்ல ஒப்படைக்கணும். என் பேருக்குக் கேட்டுப் பார்த்தேன், முடியாதுன்னுட்டாங்க.”

“வாங்கி என்ன செய்வாங்க?”

“அறுத்துப் போட்டுருவாங்கன்னு சொல்றாங்க.”

ஜீவன் இந்தக் கட்டையை, இந்தத் திருகாணிகளை, ஒரு ரம்பத்தின் கீழ் நினைத்துப் பார்த்தார். பெரியவர் சண்முகரத்தினம் நூறு வயது வாழட்டும் என்று மனதார வேண்டிக்கொண்டார்.

“நான் கையில வச்சிருக்கிற மாதிரி ஒரு படம் எடுங்க,” என்றார் சிவேந்திரன். “குடும்ப வாரிசுன்னு கீழ போட்டுடுங்க.”

ஜீவன் நாலு படம் எடுத்தார். நாலிலும் சிவேந்திரனின் கை நடுங்கி, படம் கலங்கியிருந்தது.

“என்ன சார், ஒன்பதடிப் புலியோட பேரன், கை இப்படி ஆடுது? கொஞ்சம் உட்காருங்க. நான் கை கழுவிட்டு வரேன்.”

பின்பக்கம் போகும் வழியில் பெரியவரின் அறை. கதவு சாத்தியிருந்தது, அடியிலிருந்து ஏர்கான் குளிர் காலைக் கடித்தது. இத்தனை வருஷம் தொடவிடாதவர் இன்று சம்மதித்திருக்கிறார், ஒரு கும்பிடு போடாமல் போனால் மரியாதையில்லை. ஜீவன் ஓசைப்படாமல் கதவைத் தள்ளி உள்ளே போனார்.

பெரியவர் கழுத்துவரை போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். தலைமாட்டில் சிவமலர் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஜீவனைப் பார்த்ததும் எழவில்லை, தடுக்கவுமில்லை.

ஜீவன் குனிந்து காலைத் தொட்டார். போர்வை விலகியது. பெருவிரல்கள் இரண்டும், அந்தத் திருகாணிகளைப்போல, ஒரே திசையில் நின்றன. இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்தது.

“காலையிலேயே,” என்றாள் சிவமலர். “யாருக்கும் இன்னும் சொல்லல. நீங்களாவது என் வீட்டுக்காரர்கிட்ட பேசுங்க, அண்ணே.”

ஜீவன் போர்வையை இழுத்து அந்தக் கால்களை மூடிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு கூடத்துக்கு வந்தார். சிவேந்திரன் வெளுத்த முகத்தோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஐயா அசந்து தூங்குறார், எழுப்ப வேணாம்,” என்றார் ஜீவன், கேமராவை எடுத்துக்கொண்டே. “துப்பாக்கியை இப்படி ஜன்னல் பக்கமா கொண்டாங்க, வெளிச்சம் போறதுக்குள்ள அட்டைப் படத்தை முடிச்சிடலாம்.”