மூன்றில் ஒரு பங்கு

கூடு முடைந்து கொடுத்து, கூலியாக நெல் வாங்கிப் பிழைத்தது ஒரு தூக்கணாங்குருவி. நார் வாங்க வழியில்லாமல் அது பெருச்சாளியிடம் நெல் கடன் வாங்கியது. அன்றாடக் கூலியில் மூன்றில் ஒரு பங்கு தருவதாக ஓலை எழுதிக்கொண்டார்கள். பெருச்சாளியோ கூலி எவ்வளவு என்று பாராமல் தினமும் பத்து நெல்லை எடுத்துப் போனது.

மழைக்காலத்தில் கூடு கேட்டு யாரும் வரவில்லை. அப்போதும் சேமிப்பிலிருந்து பத்து போனது. தன் உழைப்பில் வந்த ஒரு நெல்லையாவது தானே உரித்துத் தின்ன வேண்டுமென்று குருவி ஏங்கியது. கடைசியில் ஓலையைக் கவ்விக்கொண்டு, காட்டில் வழக்குத் தீர்க்கும் ஆமையிடம் போனது.

ஆமை பெருச்சாளியையும் வரவழைத்து, இருவரையும் நிறுத்தி ஓலையைப் படித்தது. "ஏனய்யா பெருச்சாளி, கூலியே வராத நாளில் மூன்றில் ஒரு பங்கு எவ்வளவு?"

"ஒன்றுமில்லைதான்," என்று பெருச்சாளி மீசையைத் தடவியது. "ஆனால் இந்தக் குருவி ஒரு நாளும் அதைக் கேட்கவில்லையே!"

அதிகமாக எடுத்ததைக் கடனில் கழிக்கச் சொன்னது ஆமை.

அடுத்து வந்த கூலி மூன்று நெல். ஒன்றைக் குருவி பெருச்சாளிக்கு வைத்தது. ஒன்றை உரித்து, கண்ணை மூடிக்கொண்டு தின்றது. மூன்றாவதைத் தொட மனம் வரவில்லை. யாராவது கேட்டு வந்துவிடுவார்களோ என்று வாசலையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தது.