துணைக்கு வந்தவர்

"அப்பா, இது வேலைக்கான நேர்முகம். இதுக்கெல்லாம் ஒருத்தரும் தகப்பனைக் கூட்டிக்கொண்டு வரமாட்டினம்."

"டெர்மின் எண்டால் டெர்மின்தான், பிள்ளை. தனியப் போகப்படாது," என்றார் யோசப்.

அவருக்கு ஜேர்மனியில் டெர்மின் என்கிற எல்லாச் சந்திப்பு நேரமும் ஒன்றுதான். அகதி அலுவலகமோ, வைத்தியரோ, வீட்டுக்காரனோ, எங்கே போனாலும், சின்னப் பிள்ளையாயிருந்த மகள் எவ்லினைக் கையில் பிடித்துக்கொண்டு போவார். அங்கே டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், சொல்வதை அவள் தமிழில் சொல்வாள். இவர் தமிழில் சொல்வதை அவள் டொச்சில் சொல்வாள். சட்டம் படிக்கும் ஆசையே அந்த அலுவலகக் கவுண்டர்களின் முன்னால் நின்றுதான் அவளுக்கு வந்தது.

இப்போது முறை மாறிவிட்டது. அவளுக்குத் துணையாம் அவர்.

"அந்தப் பஸ் தரிப்பிலேயே நில்லுங்கோ. உள்ள மட்டும் வந்திடாதேங்கோ," என்று கெஞ்சிவிட்டு எவ்லின் உள்ளே போனாள்.

ஸ்டுட்கார்ட்டில் அவள் ஏறி இறங்காத சட்டத்தரணி அலுவலகம் இல்லை. வயது முப்பத்துநாலு. பகலில் பேக்கரியில் பாண் விற்று, மாலைப் பள்ளியில் படித்து, பிந்திச் சட்டம் முடித்தவள். பயிற்சிச் சட்டத்தரணியாகச் சேர ஓர் இடம் கேட்டுப் போனால், பேக்கரி என்ற சொல்லிலேயே எல்லோருக்கும் சிரிப்பு நின்றுவிடும். இருத்திப் பேசியது இந்த அலுவலகம் மட்டும்தான். இதுவும் போனால் இனித் தட்டக் கதவில்லை.

சட்டத்தரணி கெல்லர் அம்மையார் நல்ல மாதிரியாகத்தான் கதைத்தார்.

"உங்கள் வீட்டில் வேறு யாரும் சட்டத்துறையில் இருக்கிறார்களா?"

"இல்லை."

"அப்பா என்ன செய்கிறார்?"

அப்பா ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவுகிறார். அதைச் சொல்ல நாக்குப் புரளவில்லை.

"ஹோட்டல் நிர்வாகத்தில் இருக்கிறார்," என்றாள்.

சொல்லி வாய் மூடவில்லை, கதவு திறந்தது. வரவேற்பறைப் பெண் நின்றாள். அவளுக்குப் பின்னால், சொட்டச் சொட்ட நனைந்தபடி யோசப். மழைக்கு மறைப்பாகக் கடைப் பை ஒன்று தலையில் கவிழ்ந்திருந்தது.

"வாசலில் நனைந்துகொண்டு நின்றார், உள்ளே கூப்பிட்டேன். எதைக் கேட்டாலும் 'டெர்மின், டெர்மின்' என்கிறார்," என்றவள் எவ்லின் பக்கம் திரும்பினாள். "உங்களோடு வந்தவரா?"

எவ்லினுக்கு முகம் எரிந்தது. எந்த அப்பாவை இப்போதுதான் நிர்வாகி ஆக்கினாளோ, அந்த அப்பா கடைப் பையோடு நிற்கிறார்.

"இல்லை. இந்த ஆளை எனக்குத் தெரியாது," என்றாள் டொச்சில்.

நல்லவேளை, அப்பாவுக்கு விளங்காது.

கெல்லர் அம்மையாருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "தமிழர் போலிருக்கிறது. நல்லதாய்ப் போயிற்று. கட்சிக்காரர்களோடு எப்படிப் பேசுவீர்கள் என்று பார்க்கலாம். என்ன விஷயம் என்று கேளுங்கள்."

தான் வெட்டிய குழியில் தானே விழுந்தாள் எவ்லின்.

"ஐயா, உங்களுக்கு என்ன அலுவல்?"

பெற்ற தகப்பனை ஐயா என்றாள்.

யோசப் அவளைப் பார்த்தார். பிறகு தலையிலிருந்த பையை மெல்ல எடுத்து மடித்தார்.

"தங்கச்சி, நீங்கள் தமிழோ? சந்தோசம்." தோளில் தூக்கி வளர்த்த பிள்ளைக்கு 'நீங்கள்' போட்டார். "எனக்கு ஒரு அலுவலும் இல்லை. மழைக்கு ஒதுங்கினனான். குழப்பினதுக்கு மன்னிக்கச் சொல்லுங்கோ. நீங்கள் நல்லா வருவியள்."

எல்லாவற்றையும் டொச்சில் சொன்னாள். கடைசி வசனத்தை மட்டும் விட்டுவிட்டாள்.

யோசப் கும்பிட்டுவிட்டு மழைக்குள் இறங்கிப் போனார். அவர் போவது ஜன்னலில் தெரிந்தது. 'அது என் அப்பா' என்று சொல்ல எவ்லின் வாயைத் திறந்தாள்.

கெல்லர் அம்மையார் முந்திக்கொண்டார். "அருமை! முன்பின் தெரியாத ஒருவரிடம் எவ்வளவு மரியாதை! இடம் உங்களுக்குத்தான்."

திறந்த வாயால் நன்றி என்றாள். அவ்வளவுதான் அவளுடைய தைரியம்.

பஸ்ஸில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவருடைய ஜாக்கெட்டிலிருந்து இன்னும் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

"கிடைச்சதோ?"

"ஓம்."

"அந்தோனியாரே!" என்று சிலுவை போட்டுக்கொண்டார்.

"அப்பா, அங்க நான்..."

"விடு பிள்ளை. நீ ஐயா எண்ட உடன நானும் பிடிச்சிட்டன். அவவோட நீ என்ன கதைச்சியோ, எனக்கெங்க டொச் விளங்குது?" என்று சிரித்தார்.

வெட்கத்தில் எவ்லினுக்கு உடம்பு கூசியது. ஆனாலும், அந்த வார்த்தை அவர் காதில் விழுந்தும் விளங்கவில்லையே என்ற ஒரே ஆறுதலைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி இருந்தாள்.

இரண்டு தரிப்புத் தாண்டி பஸ் நின்றது. சாரதி ஒலிபெருக்கியில், உள்ளூர்க் கொச்சை டொச்சில் எதையோ கடகடவென்று சொல்லித் தள்ளினார். யோசனையில் இருந்த எவ்லினுக்கு ஒரு சொல்லும் ஏறவில்லை.

யோசப் எழும்பினார்.

"வா பிள்ளை, இறங்குவம். அங்கால ரோட்டு வேலையாம், பஸ் போகாதாம். அடுத்த ரோட்டால போற பஸ்ஸில ஏறட்டாம்."

எவ்லினுக்கு எழும்ப ஏலவில்லை.

'இந்த ஆளை எனக்குத் தெரியாது' என்று அவள் சொன்னதும் டொச்சில்தான்.