ஷாடி என்ற சொல்

2025 ஜூலை 18, வெள்ளிக்கிழமை. பெருமாநல்லூர் அருகே ஒரு மெட்ரிக் பள்ளியில் ஆங்கிலப் பேச்சுப் போட்டி நடந்தது. ஒன்றின் குணத்தைச் சொல்லும் ஆங்கிலச் சொற்கள் எப்படிப் பிறந்தன என்பது தலைப்பு.

இரண்டாவது வரிசையில் மோகன்ராஜ் பக்கத்து இருக்கைக்காரரிடம் விசிட்டிங் கார்டை நீட்டினார். ‘எக்ஸ்போர்ட்ஸ்’ என்று அதில் தங்க எழுத்தில் இருந்தது.

“அட, நம்ம லைன்தானுங்களா!” என்று கை குலுக்கினார் பனியன் கம்பெனி முதலாளி சிவபிரகாஷ்.

மோகன்ராஜ் ஒரு பனியனைக்கூட வெளிநாட்டுக்கு அனுப்பியதில்லை. பனியன் வெட்டி மிஞ்சிய வேஸ்ட் துணியை மூட்டை மூட்டையாக வாங்கி, மிஷினில் கிழித்துப் பஞ்சாக்கி, நூல் மில்லுக்கு விற்பவர். பள்ளிக்கு எப்போதும் மனைவி கலைமகள்தான் வருவாள். இங்கே தன்னை யாருக்கும் தெரியாது என்பது அவருக்கு வசதியாகத்தான் இருந்தது.

மகள் ஆஷா மேடையேறினாள். அப்பாவைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

காலையில் பேச்சை வீட்டில் சொல்லிக் காட்டியிருந்தாள். கடைசிச் சொல் வந்ததும் மோகன்ராஜ் காபி டம்ளரைக் கீழே வைத்தார். “அதைச் சொல்றதா இருந்தா நான் வரமாட்டேன் கண்ணு.”

“மிஸ் ஓக்கே சொல்லிட்டாங்கப்பா” என்றபடி அவள் பள்ளி வேனில் ஏறிவிட்டாள். அப்படியும் மனசு கேட்காமல்தான் வந்திருந்தார்.

ஆஷா தடுமாறாமல் பேசினாள். ‘நைஸ்’ என்றால் ஒரு காலத்தில் ஒன்றும் தெரியாதவன் என்று பொருளாம். இன்று அசட்டுத்தனத்தைச் சொல்லும் ‘சில்லி’ என்றால் அப்போது கடவுளின் அருள் பெற்றவனாம். கூட்டம் ரசித்துச் சிரித்தது.

“கடைசியாக ‘ஷாடி’. மட்டமான பொருளை அப்படித் திட்டுகிறோம். உண்மையில் அது, இங்கிலாந்தில் கந்தல் கம்பளியைப் பிரித்து நூற்ற நூலின் பெயர். என் அப்பாவுக்கும் அதே தொழில்தான். அதில் மட்டம் எதுவும் இல்லை.”

மோகன்ராஜ் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார்.

“வேஸ்ட்காரரு புள்ளைங்களா இது!” சிவபிரகாஷ் சிரித்தார். “யாருங்க அவரு, தெரியுமுங்களா?”

“தெரியலீங்க.”

சிறப்பு விருந்தினர் சாமியப்பன் எழுந்து மைக்கைப் பிடித்தார். ஊரறிந்த நூல் மில் முதலாளி. “இந்தப் புள்ளையோட அப்பா எங்கிருக்கறாருங்க? கொஞ்சம் எந்திரிங்க.”

மோகன்ராஜ் நிமிரவே இல்லை.

“வெளிநாட்டுக்காரன் இன்னைக்கு இந்த நூலைத்தானுங்க தேடித் தேடிக் கேக்கறான். அவரு மாதிரி ஆளுங்க இல்லீன்னா என்ற மில்லு ஓடாது.” தனக்குப் போர்த்திய பொன்னாடையைச் சாமியப்பன் தோளிலிருந்து எடுத்தார். “இது அவருக்குப் போடோணும். மேல வாங்க சாமி!”

கைத்தட்டலில் அரங்கம் அதிர்ந்தது. எல்லாரையும்விடப் பலமாகத் தட்டிய சிவபிரகாஷ், அந்த மனிதர் எங்கே என்று பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

மோகன்ராஜ் நாற்காலியின் கையைப் பிடித்தார். பக்கத்தில் சிவபிரகாஷின் மடியில் அந்தக் கார்டு கிடந்தது. பிடியை விட்டுவிட்டார்.

கைத்தட்டல் மெல்ல அடங்கியது. பொன்னாடையைப் பிடித்தபடி சாமியப்பன் ஆஷாவைப் பார்த்தார். ஆஷா இரண்டாவது வரிசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மைக்குக்கு வந்தாள்.

“எங்கப்பா வரலீங்க.”