சிவப்பு மூடி

"பழைய இன்ஜினைக் கழட்டித் தூர வச்சிட்டு இதை மாட்டும்மா. உன் புருஷன் காதுக்கு மட்டும் விஷயம் போகக் கூடாது."

பிக்கப் வண்டியிலிருந்து இறக்கிய இன்ஜினைத் தட்டிக் காட்டினார் ஹெனாரோ. ஜப்பானில் ஏதோ ஒரு காரிலிருந்து கழற்றிக் கப்பலில் அனுப்பிய சரக்கு. தலையில் சிவப்பு மூடி. யாவுகோ ஊரில் சிவப்பு மூடி என்றால் பறக்கிற இன்ஜின் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். இன்ஜின் விற்கிற யார்டில் யாரும் மாற்றி எடுத்துவிடக் கூடாதென்று, வாங்குகிற எல்லோரையும் போல, பக்கவாட்டில் வெள்ளைப் பெயின்டால் தன் பெயரை எழுதி வைத்திருந்தார்.

மகள் மிக்தாலியா கையைத் துடைத்துக்கொண்டே வந்து பார்த்தாள். ஒர்க்‌ஷாப்பை அவளும் கணவன் நோவெலும் சேர்ந்து நடத்துகிறார்கள்.

"அப்பா, உங்க வண்டிக்கு வயசு முப்பது. முன் சக்கரமேதான் இழுக்கணும், அதுவேதான் திரும்பணும். இந்த இன்ஜினை வச்சு மிதிச்சீங்கன்னா ஸ்டீயரிங் கையை விட்டுப் பிடுங்கிட்டுப் போயிடும்."

"முப்பது வருஷம் மலைப்பாதையில ரொட்டி வேன் ஓட்டின கைம்மா இது. நீ மாட்டலைன்னா வேற கடைக்குப் போறேன்."

"வேண்டாம், வேண்டாம். நானே பார்த்துக்கறேன். ரெண்டு வாரம் விட்டுட்டுப் போங்க."

இவ்வளவு சுலபமாக மகள் மசிவாள் என்று ஹெனாரோ நினைக்கவில்லை.

எல்லாம் சம்பந்தி பார்த்தோலோவால் வந்த வினை. நோவெலின் அப்பா. ஆம்புலன்ஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இருவரிடமும் ஒரே வருடத்து, ஒரே மாடல் குட்டிக் கார். பிள்ளைகளுக்குக் கல்யாணமான நாளிலிருந்து, ஊர்த் திருவிழா ஞாயிறன்று மூடிக் கிடக்கும் சர்க்கரை ஆலைச் சாலையில் இருவருக்கும் பந்தயம். கடைசி மூன்று வருடமும் பார்த்தோலோதான் ஜெயித்தார். "ரொட்டிக்கு என்ன அவசரம்? மெதுவா வாங்க சம்பந்தி" என்று வருடம் முழுக்கச் சொல்லிக் காட்டினார். இருவரில் யார் நல்ல டிரைவர் என்பது தீராமல் செத்துப்போக ஹெனாரோவுக்கு மனமில்லை.

இரண்டு வாரம் கழித்து மிக்தாலியா பானெட்டைத் திறந்து காட்டினாள். உள்ளே சிவப்பு மூடி பளபளத்தது. சாவியைத் திருப்பியதும் சைலன்சர் போட்ட சத்தத்தில் எதிர் வீட்டு நாய் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தது.

"அம்மாடி, என்ன இழுப்பு!" என்றார் ஹெனாரோ, ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து. "நீ சொன்ன மாதிரியே இடது பக்கமா பிடுங்குது."

"பிடுங்குதா?" என்றாள் மிக்தாலியா. பிறகு ஏனோ அவசரமாகக் குனிந்து ஸ்பேனரைத் தேடினாள்.

திருவிழா ஞாயிறு. சுட்ட பன்றிக்கறி வாசனைக்கு நடுவே சாலையோரம் ஊரே நின்றது. கொடி விழுந்தது. பார்த்தோலோவின் வண்டியும் இந்த வருடம் கொஞ்சம் அதிகமாகவே உறுமியது. பாதித் தூரம் வரை இருவரும் ஒட்டி உரசிக்கொண்டு போனார்கள். அங்கே பழைய ரயில் தண்டவாளம் சாலையைக் கடக்கிறது. பார்த்தோலோ கொஞ்சம் முன்னதாகவே கியரை மாற்றியதில் அவர் வண்டி ஒரு நொடி தொய்ந்தது. ஹெனாரோ தண்டவாளம் தாண்டும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்து மாற்றினார். ஒரு பானெட் நீளத்தில் ஜெயித்தார்.

தோற்றவர் போய் ஜெயித்தவரின் பானெட்டைத் திறந்து பார்க்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். பார்த்தோலோ திறந்தார்.

"சிவப்பு மூடி! அதானே பார்த்தேன்" என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னார். "இது இன்ஜின் ஜெயிச்ச ஜெயம். நீங்க சும்மா உள்ள உட்கார்ந்திருந்தீங்க சம்பந்தி, அவ்வளவுதான்."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஹெனாரோவும் சிரித்து வைத்தார். ஆனால் கறித் தட்டைத் தொடாமலே வைத்துவிட்டார். சம்பந்தி சொன்னதில் என்ன தப்பு?

மறுநாள் காலை ஒர்க்‌ஷாப்புக்குப் போனார்.

"இன்ஜினைக் கழட்டிடும்மா. என் பழசையே திருப்பி மாட்டு."

"ஏம்ப்பா? ஜெயிச்சிட்டீங்களே!"

"ஏமாத்தி ஜெயிச்சதெல்லாம் ஒரு ஜெயமா? அடுத்த வருஷம் பழைய இன்ஜினோட போறேன். தோத்தாலும் நான் தோத்ததா இருக்கட்டும்."

மிக்தாலியா நோவெலைப் பார்த்தாள். நோவெல் கூரையைப் பார்த்தான்.

"என்ன முழிக்கிறீங்க? தூக்கிப் போட்டுட்டீங்களா? அந்தத் தார்ப்பாய்க்குள்ளதானே இருக்கு?"

"அப்பா, அதை நான் அப்புறமா..."

அவள் ஓடி வருவதற்குள் ஹெனாரோ மூலையிலிருந்த தார்ப்பாயின் நுனியைத் தூக்கிவிட்டார். உள்ளே அவருடைய பழைய இன்ஜின் இல்லை. அந்த ஜப்பான் இன்ஜின்தான் இருந்தது. பக்கவாட்டில், அவர் கையாலேயே எழுதிய வெள்ளை எழுத்து: ஹெனாரோ.

"பழைய இன்ஜின் உங்க வண்டியிலேயேதான்ப்பா இருக்கு" என்றாள் மிக்தாலியா மெல்ல. "மூடிக்குச் சிவப்புப் பெயின்ட் அடிச்சேன். சைலன்சர்ல ஒரு ஓட்டை போட்டேன். வேற கடையில போய் மாட்டி, எங்கேயாவது விழுந்து வச்சீங்கன்னா?"

ஹெனாரோ ஒரு கையில் தார்ப்பாயைப் பிடித்தபடியே தன் பெயரைத் தடவிப் பார்த்தார். அப்படியென்றால் அந்த ஜெயம் அவருடையதுதான். கோபம் வர வேண்டிய இடத்தில் சிரிப்புதான் பொத்துக்கொண்டு வந்தது. சிரித்த வேகத்தில் தார்ப்பாய் முழுவதும் சரிந்து விழுந்தது.

பக்கத்திலேயே இன்னொரு சிவப்பு மூடி இன்ஜின் உட்கார்ந்திருந்தது. அதிலும் வெள்ளைப் பெயின்ட், வேறொரு கையெழுத்து: பார்த்தோலோ.