எட்டுக்கு மேல் இல்லை

ஒன்பதாவது விமானத்தை அவள் வாங்க மறுத்துவிட்டாள்.

விமானக் கட்டுப்பாட்டு அறையில் மாலை ஐந்தேகால். எல்லாத் திசைகளிலிருந்தும் விமானங்கள் ஒரே ஓடுபாதையைத் தேடி வரும் நேரம். அவள் திரையில் எட்டுப் புள்ளிகள். எட்டையும் இடைவெளி விட்டு, வரிசை கட்டி இறக்க வேண்டும். இரண்டு பேர் பார்க்கிற வேலை. மூன்று வாரமாக அவள் ஒருத்திதான் பார்க்கிறாள்.

தனியாள் என்றால் எட்டுக்கு மேல் கூடாது. விதிப்புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. இதுவரை அந்தப் பக்கத்தை யாரும் புரட்டியதில்லை.

"இனி வர்றதெல்லாம் மேலயே சுத்தட்டும். ஒண்ணு இறங்கினா ஒண்ணு வாங்கிக்கிறேன்" என்று, விமானங்களை அவளிடம் ஒப்படைக்கும் பக்கத்து மேசைக்குச் சொன்னாள்.

சூப்பர்வைசர் எழுந்து வந்தார். "ஆறு விமானம் மேல சுத்துதும்மா. எனக்கு போன் மேல போன் வருது."

"வரட்டும் சார்."

திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆறிலும் எரிபொருள் எவ்வளவு என்று முன்பே கேட்டு வைத்திருந்தாள். எதற்கும் நாற்பது நிமிடத்துக்குக் குறைவில்லை.

அப்போதுதான் வரிசையில் ஐந்தாவதாக வந்துகொண்டிருந்த விமானி அழைத்தார். ஒரு பயணிக்கு நெஞ்சுவலி. மூச்சு வாங்குகிறதாம்.

முதல் விமானம் தரையைத் தொடப் போகிறது, அதை விட்டுவிடலாம். இரண்டாவதை வலப்புறம் திருப்பினாள். மூன்றாவதையும் நான்காவதையும் மேலே ஏற்றி ஒதுக்கினாள். மூன்று கட்டளைகள், மூன்று பதில்கள். ஒரு குரல்கூட இன்னொன்றின் மேல் ஏறவில்லை. நடுவில், ஆம்புலன்ஸ் எந்த வாசலில் நிற்க வேண்டும் என்று சொல்லக்கூட அவளுக்கு நேரம் இருந்தது.

அழைப்பு வந்த ஒன்பதாவது நிமிடம் ஐந்தாவது விமானம் தரையைத் தொட்டது.

மேலே சுற்றிய ஆறும் ஒன்றொன்றாக இறங்கின. தாமதம், அதிகபட்சம் இருபத்தாறு நிமிடம்.

ஆறு மணிக்கு அடுத்த ஷிப்ட் ஆள் வந்து உட்கார்ந்ததும் ஹெட்செட்டைக் கழற்றினாள். காதோரம் ஈரமாக இருந்தது. காபி மெஷின் பக்கம் சூப்பர்வைசர் காத்திருந்தார். நெஞ்சுவலிக்காரர் கண்விழித்துப் பேசுகிறார் என்று மருத்துவமனையிலிருந்து தகவல் வந்ததாம். சொல்லிவிட்டும் அவர் நகரவில்லை.

"ஒண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லு. பதினாலையும் மொத்தமா குடுத்திருந்தா உன்னால சமாளிச்சிருக்க முடியாதா?"

"முடிஞ்சிருக்கும் சார்."

அவர் திரும்பிப் போய், அன்றைய அறிக்கையில் தாமதத்துக்கான காரணம் என்ற இடத்தில் 'ஆள் பற்றாக்குறை' என்று தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

போன மாதம் கூட்டாளி விடுப்பில் போன ஒருநாள், பதினான்கு விமானங்களை அவள் தனியாகவே வாங்கி இறக்கியிருந்தாள். அறையே கைதட்டியது. முதலில் தட்டியவர் சூப்பர்வைசர்தான். தலைமை அலுவலகத்திலிருந்து பாராட்டி போன்கூட வந்தது.

அடுத்த வாரம் கடிதம் வந்தது. இந்த மேசைக்கு ஒருவரே போதும் என்று அவள் கூட்டாளியை வேறு ஊருக்கு மாற்றியிருந்தார்கள்.

ஆதாரம் என்ற இடத்தில் அவள் பெயர் இருந்தது.