வெயில் ஏறட்டும்

"கூடை வஞ்சிரம் மொத்தத்தையும் நான் சொன்ன வெலைக்குத் தந்துரு, ஃப்ளோரன்ஸ்."

"கட்டாது அண்ணாச்சி."

"சரி, வெயில் ஏறட்டும்" என்று சிரித்தார் மீன் வியாபாரி ராமசுப்பு. ராயபுரம் கரையில் அவர் பேசி ஜெயித்ததைவிடக் காத்திருந்து ஜெயித்ததே அதிகம். மீன் நாறத் தொடங்கினால் எப்பேர்ப்பட்ட வாய்க்காரியும் இறங்கி வந்துதானே ஆக வேண்டும்?

எதிர்க்கடை நிழலில் உட்கார்ந்து, ஐஸ் போட்ட சர்பத்தைச் சொட்டுச் சொட்டாக உறிஞ்சினார். மற்ற மீன்காரிகள் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போனார்கள். ஃப்ளோரன்ஸ் மட்டும் கோணி போர்த்திய கூடையருகே நிம்மதியாக வெற்றிலை மென்றாள்.

உச்சிவெயில். ராமசுப்பு கிளாசும் கையுமாக எழுந்து வந்தார்.

"இனிமே இதை எவன் வாங்குவான்? பாதி வெலைதான்!" என்று கோணிக்குள் கையை விட்டவர், வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். விரல்கள் விறைத்துவிட்டன. அவற்றில் ஈர மரத்தூள்.

"இன்னா அண்ணாச்சி முழிக்கிறே? உன் கிளாஸ்ல மெதக்குதே, அதே ஐஸுதான். அதே கடையில கட்டியா வாங்கி, கரையாம மரத்தூள் தூவி உள்ள போட்டு வெச்சிகிறேன்."

ஃப்ளோரன்ஸ் கூடையைத் தலையில் ஏற்றினாள்.

"சாயங்கால மார்க்கெட்டுல நான் சொல்றதுதான் வெலை. அவசரமில்ல, வெயில் எறங்கட்டும். மெதுவா வா!"