‘மேலோகக் கிளை’க்கு ஒரு விமர்சனம்

இறந்தவர்கள் வேலை பார்க்கும் அலுவலகத்தைப் பற்றிய ‘மேலோகக் கிளை’ என்ற நகைச்சுவைத் தொடரை எல்லாப் பத்திரிகைகளும் கொண்டாடின. விமர்சகர் ரெஜினாவும் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, ‘அபாரமான கற்பனை’ என்று எழுதினாள்.

ஞாயிற்றுக்கிழமை அனுமதிக்கப்பட்ட பத்து நிமிடப் பேச்சில் அதைக் கணவர் சேவியருக்கு வாசித்துக் காட்டினாள். அவர் இறந்து இரண்டு வருடமாகிறது. சேமித்து வைத்த அவருடைய மனம் ஒரு பேருந்து நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் தொலைபேசிக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. குரலையாவது கேட்கலாமே என்று அதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவள் ரெஜினாதான்.

“நல்லாத்தான் எழுதியிருக்க. ஒண்ணுதான் இடிக்குது,” என்றார் சேவியர். “அதுல ஆறு மணியானா எல்லாரும் வீட்டுக்குக் கெளம்பிடுறாங்க.”

“நீங்க?”

“ரெண்டு வருஷமா ஒரே ஷிஃப்டுதான், ரெஜி.”

ரெஜினா விமர்சனத் தாளை மடித்து வைத்தாள்.

“நிறுத்திடச் சொல்லட்டுமாங்க?”

“அப்புறம் உனக்குப் பேச ஆளிருக்காதே.”

“நான் பாத்துக்கறேன்.”

“அப்ப நாளைக்கே போயிடு. மனசு மாறிடப் போற.”

அன்றே விமர்சனத்தைத் திருத்தினாள்: ‘இறந்தவர்களை ஆறு மணிக்கு வீட்டுக்கு அனுப்புகிறது இந்தத் தொடர். உண்மையில் அவர்களுக்கு ஓய்வே கிடையாது.’ மறுநாள் காலை அது வெளியானது.

மனங்களைச் சேமித்து வைக்கும் நிலையத்தில், சேவியரின் விடுவிப்புப் படிவத்தை நீட்டியபோது, அவள் பெயரைப் படித்த ஊழியரின் முகம் மலர்ந்தது.

“மேடம், நீங்கதானா அது? இன்னிக்கு உங்க விமர்சனத்தைப் படிச்சு ஆபீஸே சிரிச்சுது. எப்படித்தான் யோசிக்கிறீங்களோ!” என்றபடி படிவத்தில் முத்திரையைக் குத்தினார்.